அங்குலம் செய்த மூடி

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் பாதிப் பேருக்கு அங்குலம் என்று சொன்னால்தான் தெரியும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடக்கு அளவுகோல் இருக்கும். மஞ்சள் பூச்சு பாதி உரிந்துபோன, பித்தளை மூட்டு வைத்த மரக்கோல். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதே வாசல் நிலையை அளந்து பார்த்துவிட்டு, "இடது பக்கம் ரெண்டு நூல், கால் அங்குலம் இறங்கியிருக்கு" என்று சொன்ன மனிதர் அவர். அந்த நிலையைச் செய்த தச்சன் நான். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

அவரும் அக்காவும் வீட்டின் பின்பக்க அறையில் ஒரு சலவைக்கூடம் நடத்துகிறார்கள். துவைக்கிற மெஷின் இரண்டு, உலர்த்துகிற மெஷின் ஒன்று, விரிப்பை ஒரு பக்கம் நுழைத்தால் தேய்த்து மறுபக்கம் தள்ளுகிற சூட்டு உருளை ஒன்று. வாடிக்கை என்று இருப்பது ஓர் ஆஸ்பத்திரி மட்டும். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குள் நூற்றிருபது படுக்கை விரிப்புகள் அங்கே போய்ச் சேர வேண்டும். பத்துப் பத்தாக அடுக்கித் துணியில் சுற்றினால் பன்னிரண்டு கட்டு. அத்தான் ஒவ்வொரு கட்டையும் தராசில் வைத்து, எடையைக் கட்டின் மேலேயே நீலச் சுண்ணக்கட்டியால் எழுதுவார். ஆஸ்பத்திரியில் எண்ணித்தான் வாங்குகிறார்கள். எடையை ஒருவரும் கேட்டதில்லை. "பொறந்த குழந்தைக்கு எடை போடற மாதிரி போடறாரு பாரு" என்று அக்கா கேலி செய்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. துணி சூடாகவே போக வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால், முதல் நாள், ஆஸ்பத்திரித் துணி அறையின் பொறுப்பாளர் அம்மா ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கே, நல்லா காஞ்சிருக்கு" என்றாராம். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. முந்தின நாள் துவைத்து உலர்த்தி வைத்ததை, கொண்டுபோகிற நாள் காலையில்தான் உருளையில் கொடுக்க வேண்டும். அதற்காக அக்கா வாரம் இரண்டு நாள் நாலு மணிக்கு எழுந்திருப்பாள். சூடு ஆறுவதற்குள் கட்டி, ஏற்றி, எட்டு மணிக்கு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

வண்டி ஒரு பழைய பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. வயதில் எனக்கு நாலைந்து வருடம்தான் இளையது. தொட்டிக்கு மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றால் கட்டுவார்கள். வெயில் காலத்தில் அதுவே போதும். மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாயின் நடுவே தண்ணீர் குளமாகத் தேங்கி, தையல் வழியே ஒழுகும்.

மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை நானும் வண்டியில் இருந்தேன். பட்டறைக்குப் போகிற வழி என்பதால் தொற்றிக்கொண்டேன். துணி அறை அம்மா ஒரு கட்டை அவிழ்த்து, வழக்கம்போல மூன்றாவது விரிப்பை உருவினார். கையால் தடவினார். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஈரம்" என்றார்.

அத்தானும் அந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது மூணாவது தடவை. ஆபரேஷன் ஆனவங்களை இது மேல படுக்க வெக்கறோம். இன்னொரு தடவை ஈரம் வந்துச்சுன்னா நான் மேல எழுதிடுவேன். மூடுன வேன் வெச்சிருக்கற கம்பெனி ஒண்ணு எப்போ எப்போன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அத்தான் அந்தக் கட்டைத் திரும்பக் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. முடிச்சுப் போடுவதில் அவர் கை நழுவி நான் பார்த்ததே இல்லை. அந்த ஆஸ்பத்திரி போனால் சலவைக்கூடம் இல்லை. அந்த வயதில் இரண்டு பேரும் வேறு எந்த வேலைக்குப் போய் நிற்பார்கள்?

வெளியே வந்ததும் வண்டியில் ஏறாமல் மழையில் நின்றபடியே தொட்டியை அளக்க ஆரம்பித்தார்.

"மாப்ள, இதுக்கு ஒரு மூடி செய்யணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ரெடிமேடா கிடைக்காதா அத்தான்?"

"இந்த வண்டிய செஞ்சவனே மறந்திருப்பான். இதுக்கு யார் மூடி விக்கிறாங்க?"

அது உண்மைதான். தொட்டி ஒரு பக்கம் ஏழடி, மறுபக்கம் ஏழடிக்கு முக்கால் அங்குலம் குறைவு. எப்போதோ எவனோ இடித்துவிட்டுப் போன மிச்சம். கடையில் வாங்குகிற எதுவும் அதில் உட்காராது.

அடுத்த இரண்டு நாள் என் உயிரை வாங்கிவிட்டார். என் பட்டறையில் கழித்துப் போட்டிருந்த அலமாரிக் கதவுகளை எடுத்துச் சட்டம் அடித்தோம். அதன் மேல் தகரத் தகடு. தண்ணீர் வழிந்து ஓட முன்பக்கம் நாலு அங்குலம் தூக்கல். சுற்றிலும் தகட்டை மடக்கி, தொட்டியின் விளிம்புக்கு வெளியே மூன்று அங்குலம் தொங்கவிட்டோம். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கீல், பின்கதவுப் பக்கம் கொண்டி. பின்னால் நின்று தூக்கினால் பெட்டி மாதிரி திறக்கும். பலகையை நான் அறுக்க ரம்பத்தை எடுக்கும்போதெல்லாம் "இரு" என்பார். மறுபடி அளப்பார். மூன்றாவது தடவை "இரு" என்றபோது, ரம்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அப்போதும் அளந்துகொண்டுதான் இருந்தார்.

மூடி உட்கார்ந்த பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. ஓரிடத்தில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது. ரிப்பேர் கடையில் பழைய ஃப்ரிட்ஜ் நாலைந்து கிடந்தன. அவற்றின் கதவு ரப்பரை உரித்து வந்து விளிம்பு முழுக்க ஒட்டினார். கொண்டியைப் போட்டதும் மூடி 'சப்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பத்துத் தடவை திறந்து மூடினார்.

வியாழக்கிழமை மத்தியானம் சோதனை. சும்மா தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் ஏறி நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"மூடுங்க. எங்க சொட்டுதுன்னு உள்ளேருந்து பாக்கணும்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் அக்கா.

"மூடும்மா."

நான் கொண்டியைப் போட்டேன். அக்கா குழாயைத் திருப்பினாள். தகரத்தின் மேல் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. ஐந்து நிமிடம் போனது. உள்ளிருந்து சத்தமே இல்லை. அக்காவின் முகம் மாறிப்போனது. குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தகட்டைத் தட்டினாள்.

"என்னங்க. இருக்கீங்களா?"

"நிறுத்தாத. ஊத்து."

பத்து நிமிடம் கழித்துத் திறந்தோம். எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி வெள்ளையாக மூடிப்போயிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஒரு சொட்டு வரல."

"உங்களுக்கு வேர்த்த வேர்வையில ஒரு வாளி நிறைஞ்சிருக்கும்" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் கண்ணாடியைப் பார்த்த பிறகும் எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. நல்ல குளிர். நான் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். உருளையிலிருந்து வந்த விரிப்புகளைத் தொட்டால் கை சுட்டது. அக்கா மடிக்க, அத்தான் எடை போட்டு எழுத, நான் ஏற்றினேன். மூடி 'சப்' என்று உட்கார்ந்தது. "போயிட்டு வந்ததும் சொல்லுங்க" என்று அக்கா வாசலிலேயே நின்றாள். வழக்கமாக அந்த நேரத்தில் போய்ப் படுத்துவிடுவாள்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அத்தான் வண்டியை அதன் கூரைக்கடியில் விட்டார்.

"ஒரு தடவை பாத்துடலாம்."

"நேத்தே பாத்தாச்சே அத்தான். மணி எட்டு இருபத்தஞ்சு."

"ஒரு விரல்கடை தூக்கிப் பாக்கறேன். அவ்வளவுதான்."

கொண்டியை எடுத்து லேசாகத் தூக்கினார். மூடியின் அடியிலிருந்து தண்ணீர் அவர் கையில் வழிந்து முழங்கை வரை ஓடியது. முழுக்கத் தூக்கினார். உள்பக்கம் முழுவதும் முத்து முத்தாகச் சொட்டுகள். கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆட்டத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்து துணிக்கட்டுகளின் மேல் விழுந்தன.

மழைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. எல்லாம் துணியிலிருந்தே எழும்பிய ஆவி. சுடச்சுட ஏற்றிய துணி, மேலே மழையில் நனைந்து சில்லிட்ட தகரம், ஆவி வெளியேற ஒரு நூல் இடைவெளிகூட இல்லாத ஃப்ரிட்ஜ் ரப்பர். அந்தப் பழைய தார்ப்பாயில் இருந்த ஒரே நல்ல குணம், ஆவியைப் பிடித்து வைக்காது என்பதுதான். அதையும் நாங்கள் பார்த்துப் பார்த்து அடைத்திருந்தோம்.

அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டுகளை வேகவேகமாகத் தடவிப் பார்த்தோம். அடியில் இருந்த பத்தும் தப்பித்திருந்தன. மேலே இருந்த இரண்டு கட்டுகள் மட்டும் நனைந்து, உள்ளே நாலைந்து விரிப்பு வரை ஈரம் இறங்கியிருந்தது.

"அத்தான், இந்த ரெண்டையும் அடியில வெச்சுடுவோம். அந்தம்மா மேல் கட்டத்தான் அவுப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள அதுவே காஞ்சிடும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது மேல யாரோ படுக்கப் போறாங்க, மாப்ள."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த இரண்டு கட்டுகளையும் தூக்கி முன் இருக்கையில் வைத்தேன்.

அவர் சட்டையைக் கழற்றி மூடியின் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். கட்டுகளின் சுற்றுத்துணியைத் தளர்த்தி, சூடு ஆறட்டும் என்று அப்படியே திறந்து விட்டார். அதற்குள் பங்க் பையன்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். "அண்ணே, டீசல் போடறதா இருந்தா போடுங்க. இல்லன்னா வண்டிய எடுங்க, பின்னால லைன் நிக்குது." டீசல் போடச் சொன்னார். மெதுவாகப் போடச் சொன்னார். அப்படி ஒரு வாடிக்கையாளரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். டீசல் டேங்க் நிறைந்த பிறகும் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கும் வரைக்கும் நின்றோம்.

இனி மூடிக்கொண்டும் போக முடியாது, திறந்துகொண்டும் போக முடியாது. விளிம்புத் தகடு வெளியே மூன்று அங்குலம் தொங்குகிறது. பின்பக்கம் இரண்டு விரல் தூக்கி நிறுத்தினால் மழை உள்ளே வராது, ஆவி வெளியே போகும். அத்தான் அதைச் சொன்னதும் முட்டுக்கொடுக்கக் கட்டை தேடி ஓடினேன். சிமெண்ட் தரையில் ஒரு குச்சிகூட இல்லை. கிடைத்தது நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றுதான். மணி எட்டு நாற்பது.

திரும்பி வந்தபோது அவர் மடக்கு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை முழங்காலில் வைத்து அழுத்தினார். நடு மூட்டில் முறிந்தது. ஒரு பாதியை மடக்கி இடது மூலையிலும், இன்னொரு பாதியை வலது மூலையிலும் செருகினார். மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

எட்டு ஐம்பத்தெட்டுக்குத் துணி அறை வாசலில் இறக்கினோம். அந்த அம்மா ஒரு கட்டை அவிழ்த்து மூன்றாவது விரிப்பை உருவினார். தடவினார். கன்னத்தில் வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

"சில்லுனு இருக்கே."

"ஆறிப்போச்சு மேடம். ஈரம் இல்ல."

"எப்பவும் சூடா இருக்கும். இன்னிக்குச் சில்லுனு இருக்கு. ஈரம் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

குளிர்ந்த துணியைத் தொட்டால் ஈரம் மாதிரிதான் இருக்கும். நானே தொட்டிருந்தால் ஈரம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை வெளியே எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

அத்தான் சட்டைப்பையைத் தொட்டார். அது காலி. பிறகு மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு தராசு இருந்தது. அதன் மேல் பழைய ரிஜிஸ்டர்களும் ஒரு பிளாஸ்க்கும் இருந்தன.

"மேடம், எழுதறதுக்கு முன்னாடி அதுல வெச்சுப் பாக்கலாமா? ஏத்தும்போது என்ன எடைன்னு ஒவ்வொரு கட்டு மேலயும் எழுதியிருக்கேன். தண்ணி ஏறியிருந்தா எடை காட்டிக் கொடுத்துடும்."

அந்த அம்மா சுண்ணக்கட்டி எழுத்தைப் பார்த்தார். பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்துதான். பிளாஸ்க்கை அவரே எடுத்துக் கீழே வைத்தார்.

முதல் கட்டில் ஆறு கிலோ நூற்று நாற்பது என்று எழுதியிருந்தது. முள் ஆடி ஆடி ஆறு கிலோ நூறில் நின்றது. இரண்டாவதும் நாற்பது கிராம் குறைவு. மூன்றாவது முப்பது குறைவு. ஆவியாகப் போனது போக மிச்சம் நின்ற எடை அது. அந்த அம்மா குனிந்து முள்ளைப் பார்ப்பதும் நிமிர்ந்து எழுத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்துக் கட்டில் ஒன்றுகூட எழுதிய எடைக்கு மேல் போகவில்லை.

"இன்னும் ரெண்டு எங்க?"

"வண்டியில முன் சீட்ல இருக்கு. அது ஈரம் மேடம். இறக்கல. சாயங்காலம் காய வெச்சுக் கொண்டாறேன்."

"ஈரம்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா. இன்னிக்கு ரெண்டு கட்டு ஈரம்."

பேனா அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது. அவர் நோட்டில் எழுதினார். தலைகீழாகப் படித்தேன்: 'பத்துக் கட்டு வரவு. இரண்டு மாலையில்.' ஈரம் என்ற சொல் இல்லை. நோட்டை மூடினார்.

"இனிமே இப்படி ஆறின துணியவே கொண்டு வாங்க" என்றார். "சூட்டோட கட்டி வெச்சா அலமாரிக்குள்ளயும் வேர்க்குது."

"உங்களுக்குச் சூடா இருந்தாத்தான் பிடிக்கும்னு..."

"நான் எப்போ கேட்டேன்?"

அத்தான் பிளாஸ்க்கை எடுத்துத் தராசின் மேல் திரும்ப வைத்தார்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. தப்பித்தோம் என்று எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. அக்கா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் தூக்கத்துக்குச் சிவந்து கிடந்தன.

"என்ன ஆச்சு?"

"வாங்கிக்கிட்டாங்க" என்றார் அத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இனிமே நாலு மணிக்கு எழுந்திருக்க வேணாம். முந்தின நாளே தேய்ச்சு ஆற வெச்சுடலாம். அவங்க சூடா கேக்கவே இல்லயாம்."

அக்கா அவரையே பார்த்தாள்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது.

"வாரத்துக்கு ரெண்டு நாள்" என்று மெல்ல ஆரம்பித்தார். "வருஷத்துக்கு நூத்தி நாலு. பதினோரு வருஷம்னா..."

"எண்ணாதீங்க" என்றாள் அக்கா.

அவர் நிறுத்திக்கொண்டார். வண்டி எதிரே நின்றிருந்தது. மூடி இரண்டு விரல் தூக்கி நிற்க, மூலைக்கு ஒரு பாதியாக அளவுகோல் மஞ்சளாக நீட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு கட்ட எடுத்துட்டு வாங்க, உலர்த்தணும்" என்று அக்கா எழுந்தாள். வாசற்படி தாண்டிப் போனவள் திரும்பிச் சொன்னாள்: "செவ்வாக்கிழமை என்னை எழுப்பிடாதீங்க."